குறியாக்கம் செய்யாத ஆர்.என்.ஏ.வும் மூட்டுத் தேய்மான நோயும்: ஆய்வு வரலாறு

மூட்டுத் தேய்மான நோய் என்பது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சிதைந்து, வலி, விறைப்பு, அசைவுக் குறைவு ஆகியவற்றை உண்டாக்கும் நோயாகும். மருத்துவர்கள் இதனை ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்பர். முழங்கால், இடுப்பு, கைவிரல், முதுகெலும்பு மூட்டுகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். வலியைத் தணிக்க மருந்துகள் உண்டு. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் பயன் தருகின்றன. முற்றிய நிலையில் செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது. ஆனால் குருத்தெலும்பு அழிவதையே தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அத்தகைய மருந்துக்கான தேடலே, ஒரு காலத்தில் பயனற்றவை என ஒதுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. வகைகளின் பக்கம் மூட்டு ஆய்வாளர்களைத் திருப்பியது.

புரதம் ஆக்குவதற்கான செய்தியைத் தாங்காத ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் குறியாக்கம் செய்யாத ஆர்.என்.ஏ. எனப்படுகின்றன. இவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ., நீள் ஆர்.என்.ஏ., வட்ட ஆர்.என்.ஏ. ஆகிய மூன்றும் மூட்டு நோயில் அதிகம் ஆராயப்பட்டவை.

குருத்தெலும்பின் சிக்கல்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹன்டர், 1743-இல் இராயல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், புண்பட்ட குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று பதிவு செய்தார். இதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அதன் பெரும்பகுதி நீரும், இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும், அவற்றிடையே நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் என்னும் பெருமூலக்கூறும்தான். உயிருள்ள செல்கள் மிகச் சொற்பம். கான்ட்ரோசைட் எனப்படும் அச்செல்கள் தனித்தனியே சிறு குழிகளில் அமர்ந்து, தம்மைச் சூழ்ந்த பொருளைத் தாமே ஆக்கியும் தாமே அரித்தும் சமநிலையில் வைத்திருக்கின்றன.

'தேய்மானம்' என்னும் சொல் இந்நோய்க்கு வழக்கத்தில் நிலைத்துவிட்டாலும் அது பாதி உண்மையே. செருப்பின் அடிப்பகுதி தேய்வதுபோல் குருத்தெலும்பு தேய்வதில்லை. செல்களே வெளியிடும் நொதிகள் அதை உள்ளிருந்து வெட்டுகின்றன. கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி-13 என்ற நொதி 1994-இல் அறியப்பட்டது. 2005-இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இயங்கிய இரு குழுக்கள், அடாம்ட்ஸ்-5 என்ற நொதியின் செயல் நீக்கப்பட்ட எலிகளில் அக்ரிகன் அழிவு வெகுவாகக் குறைவதை 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன. வெட்டும் கத்திகள் எவை என்பது இவ்வாறு தெரிந்துவிட்டது. அமைதியாகத் தன் வேலையைச் செய்துவந்த செல் நடுவயதுக்குப் பின் அந்தக் கத்திகளை ஏன் உருவுகிறது, அதுவரை அவற்றை உறையிலிட்டு வைத்திருந்தது எது என்பது தெரியவில்லை.

புழுவில் தொடங்கியது

விடையின் ஒரு பகுதி, மூட்டே இல்லாத ஓர் உயிரியிலிருந்து வந்தது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய இளம் ஆய்வாளர்கள் இருவர் இப்புழுவின் வளர்ச்சிக் காலத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை ஆராய்ந்தனர். லின்-4 என்ற மரபணு கெட்டால் புழு தன் இளம்பருவ வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. லின்-14 கெட்டாலோ அப்பருவத்தைத் தாண்டிக் குதித்தது. லின்-4, லின்-14-ஐ அடக்குகிறது என்பது புலனாயிற்று. எப்படி என்பது விளங்கவில்லை.

இருவரும் தனித்தனி ஆய்வகங்களுக்குச் சென்றபின் ஆம்ப்ரோஸ் லின்-4-ஐயும் ரவ்கன் லின்-14-ஐயும் தொடர்ந்தனர். ஆம்ப்ரோஸின் குழுவில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4 மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அதில் புரதத்துக்கான செய்தியே இல்லை. அதன் விளைபொருள் 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. 1992-இல் இரு ஆய்வகங்களும் தம் வரிசைகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டன. லின்-14-இன் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் பல இடங்களில் லின்-4-இன் எழுத்துகள் பொருந்தின. சிறிய ஆர்.என்.ஏ. பெரிய ஆர்.என்.ஏ.வின் மேல் ஒட்டிக்கொண்டு புரத ஆக்கத்தை அடக்குகிறது என்பதே பொருள். இரு கட்டுரைகளும் 1993 டிசம்பரில் 'செல்' இதழில் வெளிவந்தன.

அறிவியல் உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புழுவின் தனி விசித்திரம் என்றே பலர் கருதினர். மரபணு என்றால் புரதம், புரதம் ஆக்காத டி.என்.ஏ. என்றால் குப்பை என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. 'குப்பை டி.என்.ஏ.' என்ற தொடரை 1972-இல் சுசுமு ஓனோ பரப்பியிருந்தார். தூது ஆர்.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் இடையே உதவும் கடத்து ஆர்.என்.ஏ. போன்றவை 1950-களிலேயே அறியப்பட்டிருந்தாலும், அவை புரதத் தொழிற்சாலையின் கருவிகளாகவே பார்க்கப்பட்டன, மேற்பார்வையாளர்களாக அல்ல.

2000-இல் ரவ்கனின் குழு லெட்-7 என்ற மற்றொரு சிறு ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தது. அது புழுவில் மட்டுமல்லாமல் பூச்சியிலும் மீனிலும் மனிதரிலும் மாறாமல் இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மூன்று குழுக்கள் இத்தகைய சிறு ஆர்.என்.ஏ.க்களை டசன்கணக்கில் கண்டறிந்து 'சயின்ஸ்' இதழில் ஒருசேர வெளியிட்டன. 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' என்ற பெயர் அப்போதுதான் நிலைபெற்றது. அதே ஆண்டில் வெளியான மனித மரபணுத்தொகை வரைவு இன்னொரு வியப்பைத் தந்தது. புரதம் ஆக்கும் பகுதி மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பின்னர் உறுதியான எண்ணிக்கைப்படி மனிதனின் புரத மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. புழுவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. புழுவிலிருந்து மனிதனை வேறுபடுத்துவது மரபணுக்களின் எண்ணிக்கை அல்ல என்றால், அவற்றை இயக்கியும் அடக்கியும் ஆளும் பகுதியில்தான் வேறுபாட்டைத் தேட வேண்டியிருந்தது.

மீனின் தாடையில் தெரிந்த ஒளி

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்பதை அறிய, அது இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த எர்னோ வீன்ஹோல்ட்ஸ், ரொனால்ட் பிளாஸ்டர்க் ஆகியோரின் குழு, வரிக்குதிரை மீன் கருவில் 115 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சாயமேற்றிப் பார்த்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவை ஏதேனும் ஒரு குறிப்பிட்ட திசுவில் மட்டுமே தென்பட்டன. அவற்றுள் மிர்-140 என்பது தாடை, தலை, துடுப்பு ஆகியவற்றின் குருத்தெலும்பில் துலங்கியது.

மூட்டு ஆய்வாளர்கள் இந்தப் படத்தைத் தவறவிடவில்லை. 2006-இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகக் குழு, சுண்டெலியிலும் மிர்-140 குருத்தெலும்புக்கே உரியதாக இருப்பதையும், அது எச்.டி.ஏ.சி-4 என்ற புரதத்தை அடக்குவதையும் காட்டியது. 2008-இல் தத்சுயா கோபயாஷி, ஹென்றி குரோனென்பெர்க் ஆகியோரின் குழு வேறொரு வழியில் சென்றது. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டி உருவாக்கும் டைசர் என்ற நொதியைச் சுண்டெலியின் குருத்தெலும்புச் செல்களில் மட்டும் நீக்கினர். எலிகளின் எலும்பு வளர்ச்சி கடுமையாகக் குன்றியது. அவை விரைவில் இறந்தன. ஏதோ ஒன்றல்ல, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் முழுக் கூட்டமும் இல்லாமல் குருத்தெலும்பு இயங்காது என்பது இதனால் உறுதிப்பட்டது.

முழங்காலுக்கு வந்த ஆண்டுகள்

2008 முதல் 2010 வரையான மூன்று ஆண்டுகளே இத்துறையின் தொடக்கக் காலம். கிரேக்க ஆய்வாளர்கள் 2008-இல் 365 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை நோயுற்ற குருத்தெலும்பிலும் நலமான குருத்தெலும்பிலும் ஒப்பிட்டு, 16-இன் அளவு மாறுபடுவதைக் கண்டனர். அவற்றுள் சில உடற்பருமனோடு தொடர்பு கொண்டிருந்தன. எடை மூட்டை அழுத்துவதால் மட்டுமே கெடுக்கிறது என்ற எளிய விளக்கத்துக்கு இது ஒரு திருத்தம். அடுத்த ஆண்டில் ஹிரோஷிமா குழு மிர்-146ஏ-வை ஆராய்ந்தது. அழற்சிக்குத் தடைபோடும் மூலக்கூறாக ஏற்கெனவே அறியப்பட்ட அது, நோயின் தொடக்க நிலையில் உயர்ந்தும் நோய் முற்ற முற்றக் குறைந்தும் காணப்பட்டது. முதலில் தடுத்துப் பார்த்துப் பின் ஓய்ந்துவிடும் காவலைப்போல.

இவற்றுள் ஆழமாகச் சென்றது மிர்-140 ஆய்வே. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஷிகேரு மியாகி, ஹிரோஷி அசஹாரா, மார்ட்டின் லாட்ஸ் ஆகியோர் 2009-இல் மனிதக் குருத்தெலும்பை ஆராய்ந்தனர். நலமான செல்களில் மிர்-140 மிகுந்திருந்தது, நோயுற்றவற்றில் குறைந்திருந்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைச் செல்களின் மேல் சேர்த்தபோது மிர்-140 சரிந்தது. வெளியிலிருந்து மிர்-140-ஐச் செலுத்தியபோது, இன்டர்லூகினால் எழும் அடாம்ட்ஸ்-5 தணிந்தது.

கிண்ணத்தில் வளர்த்த செல்லில் நடப்பதெல்லாம் உடலில் நடக்கும் என்பதில்லை. ஆகவே மியாகியும் அசஹாராவும் மிர்-140 அறவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி 2010-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வெலிகள் சற்றுக் குட்டையாக இருந்தன, மற்றபடி வளர்ந்தன. வயது ஏறியபோது யாரும் காயப்படுத்தாமலேயே அவற்றின் மூட்டுக் குருத்தெலும்பில் அக்ரிகன் போன்ற பொருள்கள் குறைந்து, மேற்பரப்பு நார்நாராகப் பிரிந்தது. அறுவை மூலம் மூட்டை நிலைகுலையச் செய்தால் அழிவு இன்னும் விரைந்தது. மாறாக, குருத்தெலும்பில் மிர்-140-ஐ மிகுதியாக ஆக்கும்படி மாற்றப்பட்ட எலிகள், செயற்கையாகத் தூண்டப்பட்ட மூட்டழற்சியைத் தாங்கி நின்றன. அடாம்ட்ஸ்-5 இதன் நேரடி இலக்குகளில் ஒன்று என்பதும் காட்டப்பட்டது. 2005-இல் கத்தியைக் கண்டவர்களும் அதே ஆண்டு மீனின் தாடையில் ஒளியைக் கண்டவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய தேவை அன்று இல்லை. ஐந்து ஆண்டுகளில் இரு கண்டுபிடிப்புகளும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்ந்தன.

எடுத்தால் நோய், கூட்டினால் காப்பு என்று இரு திசையிலும் உயிருள்ள விலங்கில் சோதிக்கப்பட்டதே மிர்-140-இன் தனிச்சிறப்பு. பின்னர் இதே ஒழுங்கில் ஆராயப்பட்டவை சிலவே. அசஹாராவின் குழு 2021-இல் வெளியிட்ட மிர்-455 ஆய்வு அவற்றுள் ஒன்று.

நீளமானவையும் வட்டமானவையும்

200 எழுத்துகளுக்கு மேல் நீண்டும் புரதம் ஆக்காதவை நீள் ஆர்.என்.ஏ. எனப்படுகின்றன. எச்19 என்பது இவ்வகையில் மிகப் பழையது. 1990-இலேயே இது புரதமற்றது எனக் கூறப்பட்டது. 2010-இல் மனிதக் குருத்தெலும்புச் செல்களில் இதன் ஒரு பணி விளங்கியது. எச்19-இலிருந்து மிர்-675 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. வெட்டி எடுக்கப்படுகிறது, அது இரண்டாம் வகைக் கொலாஜன் ஆக்கத்தை உயர்த்துகிறது. நீளமானது சிறியதற்குத் தாயாக இருந்தது. 2014-இல் சீன ஆய்வாளர்கள் நோயுற்ற குருத்தெலும்பில் மிகும் ஒரு நீள் ஆர்.என்.ஏ.வைக் கண்டு, அதை அடக்கினால் குருத்தெலும்புப் பொருளின் சிதைவு குறைவதாக அறிவித்தனர்.

வட்ட ஆர்.என்.ஏ. இரு முனையும் இணைந்து வளையமானது. முனை இல்லாததால் ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளுக்கு எளிதில் பிடிபடாது. 2013-இல் மூளையில் மிகுதியாக உள்ள ஒரு வட்ட ஆர்.என்.ஏ., மிர்-7 ஒட்டக்கூடிய 70-க்கும் மேற்பட்ட இடங்களைக் கொண்டு அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்வதாகக் கண்டறியப்பட்டது. 'பஞ்சு' என்ற இவ்வுவமை மூட்டு ஆய்விலும் உடனே பரவியது. 2016-இல் எம்.எம்.பி-13-ஐக் கட்டுப்படுத்தும் ஒரு வட்ட ஆர்.என்.ஏ. அறிவிக்கப்பட்டது. 2019-இல் சீனாவில் நடந்த ஆய்வொன்றில், மற்றொரு வட்ட ஆர்.என்.ஏ.வை வைரஸ் வழியாக முயலின் முழங்காலில் செலுத்தியபோது நோய் தணிந்தது.

ஐயங்கள்

இதன்பின் கட்டுரைகள் பெருகின. இன்ன வட்ட ஆர்.என்.ஏ. இன்ன மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சி இன்ன புரதத்தை உயர்த்துகிறது என்ற ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வந்தன. இப்பெருக்கம் முழுவதையும் முன்னேற்றமாகக் கொள்வது தவறாகும்.

முதல் சிக்கல் கணக்கு. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் முனையிலுள்ள ஏழெட்டு எழுத்துகளால்தான் இலக்கை அடையாளம் காண்கிறது. அவ்வளவு சிறிய பொருத்தம் நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களில் கிடைக்கும். கணினி காட்டும் பொருத்தங்களில் ஒன்றைத் தேர்ந்து செல்லில் மிகையாகச் செலுத்தினால் ஏதோ ஒரு விளைவு தென்படவே செய்யும். பஞ்சுக் கொள்கைக்கும் இதே இடையூறு உண்டு. உடலில் இயல்பாக உள்ள அளவில் ஒரு தனி ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சி மாற்றம் செய்வது அரிது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் அளந்து காட்டினர். மிர்-7-க்கு 70 இடங்கள் கொண்ட மூளை வளையம் விதிவிலக்கு; ஓரிரு இடங்கள் மட்டும் உள்ளவற்றை அதனோடு ஒப்பிட முடியாது.

இரண்டாவது, ஒப்பீட்டுக்கான திசு. நோயுற்ற குருத்தெலும்பு மூட்டு மாற்று அறுவையின்போது கிடைக்கிறது. அதாவது நோயின் கடைசிக் கட்டத்தில். நலமான குருத்தெலும்பை நலமானவரிடமிருந்து வெட்டி எடுக்க இயலாது. இடுப்பு முறிந்தோரிடமிருந்தோ உறுப்பு நீக்கப்பட்டோரிடமிருந்தோ பெற வேண்டியுள்ளது. வயது, எலும்பு வலிமை, மூட்டின் இடம் எல்லாமே வேறுபடுகின்றன. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. ஓர் ஆய்வில் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது, நேர்மை. ஆஸ்திரேலியாவின் ஜெனிஃபர் பர்னும் உடன் பணியாற்றியோரும் மனித மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் அச்சிடப்பட்ட ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. வரிசைகளைக் கணினி நிரலால் சரிபார்த்தனர். குறிப்பிட்ட மரபணுவை அளக்கப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட வரிசை வேறொரு மரபணுவுக்கு உரியதாகவோ எதற்குமே உரியதல்லாததாகவோ இருந்த கட்டுரைகள் 700-க்கும் மேல் அகப்பட்டன. குறியாக்கம் செய்யாத ஆர்.என்.ஏ. பற்றியவையும் அவற்றுள் அடக்கம். பணத்துக்குக் கட்டுரை எழுதித் தரும் நிறுவனங்களுக்கு அச்சு வார்ப்பான ஆய்வுமுறை வசதியாக அமைந்துவிட்டது.

நேர்மையான ஆய்வுகளிலும் கண்மறைவுகள் இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஈரிழையாக உருவாகி ஓரிழை பணிக்கும் மறு இழை அழிவுக்கும் செல்வதே பொதுவழக்கு. மிர்-140-இல் '5பி' எனப்படும் இழையே பணிசெய்வது என்று கொண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக அதுவே ஆராயப்பட்டது. நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 2020-இல் குருத்தெலும்பிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை முழுமையாக வரிசைப்படுத்தியபோது, அழிய வேண்டியதாகக் கருதப்பட்ட '3பி' இழையே பன்மடங்கு மிகுந்திருப்பதும் அது பணிசெய்வதும் தெரிந்தன. குப்பை என ஒதுக்கியதற்குள்ளேயே மீண்டும் ஒரு குப்பை ஒதுக்கப்பட்டிருந்தது.

மனிதரில் ஒரு சான்று

எலியில் மெய்யானது மனிதரிலும் மெய்யா என்ற கேள்விக்கு மிர்-140 அளவில் விடை 2019-இல் வந்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கீட்ரே கிரிகெலியோனியேனே தலைமையிலான பன்னாட்டுக் குழு, குட்டையான உடலும் முதுகெலும்பு, நீள எலும்பு முனைகளின் குறைபாடும் கொண்ட சிலரின் மரபணுக்களை ஆராய்ந்தது. புரத மரபணு எதிலும் பிழை இல்லை. மிர்-140-இல் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதுவும் இலக்கைக் கண்டறியும் அந்த ஏழெட்டு எழுத்துகளுக்குள். மாறிய மிர்-140 தன் பழைய இலக்குகளை விட்டுவிட்டதோடு, தனக்குத் தொடர்பில்லாத புதிய தூது ஆர்.என்.ஏ.க்களையும் அடக்கத் தொடங்கியது. அதே மாற்றத்தைச் சுண்டெலியில் புகுத்தியபோது அதே குறைபாடு தோன்றியது.

இது பிறவி எலும்பு நோய். முதுமையின் மூட்டுத் தேய்மானம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பொருந்தாது. எனினும் மனிதக் குருத்தெலும்பு ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தை எவ்வளவு சார்ந்துள்ளது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

மருந்தாக்கும் முயற்சி

குறைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போலச் செய்து செலுத்துவது ஒரு வழி. மிகுந்ததை எதிரிழை கொண்டு கட்டிப்போடுவது மற்றொன்று. டொராண்டோவில் மோஹித் கபூரின் குழு இரண்டாம் வழியைப் பின்பற்றியது. முதுகெலும்பு மூட்டுத் தேய்மானத்தில் மிகும் மிர்-181ஏ-5பி-யைக் கட்டும் எதிரிழையை எலியின் முதுகெலும்பு மூட்டிலும் சுண்டெலியின் முழங்காலிலும் ஊசிவழி செலுத்தியபோது குருத்தெலும்பு அழிவு குறைந்ததாக 2019-இல் அறிவித்தது. 2021-இல் மிர்-34ஏ-5பி பற்றியும் இதேபோன்ற முடிவை வெளியிட்டது. இதே மிர்-34ஏ, புற்றுநோய்க்கு எதிராக மிகுதியாகச் செலுத்தப்பட்டு மனிதரில் சோதிக்கப்பட்டது. நோயாளிகளிடம் கடும் நோயெதிர்ப்பு எதிர்விளைவுகளும் உயிரிழப்பும் நேர்ந்ததால் அச்சோதனை 2016-இல் நிறுத்தப்பட்டது. ஓர் உறுப்பில் அடக்க விரும்பும் மூலக்கூறை இன்னோர் உறுப்பில் கூட்ட விரும்புகிறார்கள். மருந்து மூட்டுக்குள்ளேயே தங்க வேண்டும் என்று மூட்டு ஆய்வாளர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே போதிய காரணம்.

தங்க வைப்பதும் எளிதன்று. ஆர்.என்.ஏ. வகை மருந்துகளில் 2018-இல் முதலில் ஒப்புதல் பெற்ற சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்தான பாட்டிசிரான், கல்லீரலில் வேலை செய்வது. இரத்தத்தில் செலுத்தும் கொழுப்புத் துகள்களைக் கல்லீரல் தானே வாரி எடுத்துக்கொள்ளும். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டமே இல்லை. மூட்டுக்குள் நேரே ஊசி போட்டாலும் மூட்டு நீர் அந்நியப் பொருளை விரைவில் வெளியேற்றிவிடும். எஞ்சியது அடர்ந்த கொலாஜன் வலையைக் கடக்க வேண்டும். அக்ரிகனும் எதிர்மின்னேற்றம் கொண்டது, ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னேற்றம் கொண்டது, ஒன்றையொன்று தள்ளும். நேர்மின்னேற்றமுள்ள நுண்துகள்களில் ஆர்.என்.ஏ.வைப் பொதிந்து உள்ளே நுழைக்கும் முயற்சிகள் விலங்குகளில் நடந்துவருகின்றன.

மைக்ரோ ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்புக்காக ஆம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. லின்-4 கட்டுரை வெளிவந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. மூட்டுத் தேய்மானத்துக்கென ஒப்புதல் பெற்ற ஆர்.என்.ஏ. மருந்து அதுவரை ஒன்றுகூட இல்லை.